மானிப்பாய் மாற்றுக் கடிதம்

ஏவன்டேல், ஒக்லன்ட்
16 பெப்ரவரி 2025, ஞாயிறு பின்னேரம்

அன்பும் மரியாதையும் உள்ள மரகதம் மச்சாளுக்கு,

வேறு ஆக்கள் சொல்லி நீங்கள் அறிய முன்னம் நானே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உங்கட தம்பியின் செத்தவீட்டு வீடியோவை என்ர மகன் ஜெரோஷன் உங்களுக்கு அனுப்பினவன் எல்லோ? அதில் பதினேழாவது நிமிஷத்தில், போதகர் செபம் சொல்லிக்கொண்டிருக்க, கர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும். மைக் பழுது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கினம். மைக்கில் ஒரு பிழையும் இல்லை. அது நான்தான். முன்வரிசை வாங்கில் இருந்தபடி நித்திரையாய்ப் போனேன். நாலு நாள் மூடாத கண் அந்த இடத்தில் போய் மூடிவிட்டது. பக்கத்தில் இருந்த மகள் றோஷினி முழங்கையால் இடிக்கத்தான் எழும்பினேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்ட ஆள் மாதிரி, இது எந்த இடம் என்று சுற்றிப் பார்த்தேன். முன்னால் பெட்டி இருந்தது.

கடிதம் எழுதினால் முதலில் நலம், பிறகு நலமறிய ஆவல் என்று எழுத வேணும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தவை. நலமில்லாட்டி என்ன எழுதுகிறது என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடமாக்கும். நான் எட்டோடு நின்றுவிட்டேன்.

போன் எடுத்தால் நீங்கள் ஆர், ஆர் என்று மூன்று தரம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். மாமிக்குக் காது மந்தம் என்று ஜெரோஷன் இரங்குகிறான். அவனுக்குத் தெரியாது, என்ர குரலுக்கு மட்டும்தான் உங்கட காது மந்தம் என்று. அதுதான் கடிதம்.

நடந்ததை ஒழுங்காய்ச் சொல்கிறேன். எனக்குப் புருஷன் என்றாலும் நீங்கள் வளர்த்த தம்பி, எப்படிப் போனார் என்று அறிய உங்களுக்கு உரிமை இருக்கிறது. மங்கரேயில் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவர். கூட வேலை செய்கிற நவரத்தினம் அண்ணை பக்கத்தில் இருந்தவர். உங்கட தம்பி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, இன்றைக்கும் கத்தரிக்காய்தான் என்று சொன்னாராம். பிறகு மேசையில் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான். வேதவசனம் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் கல்லில் எழுதலாம். கத்தரிக்காயைக் கல்லில் எழுத ஏலுமோ?

நான் அழவில்லை, மச்சாள். உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பினம், அது உண்மை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் ஒரு பக்கம் கட்டை மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. நாக்கைக் கடித்தாலும் தெரியாது, துப்பும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். விமானத்தில் சனங்கள் போர்க்கிற போர்வையைத் தோய்த்து மடிக்கிற வேலைதான் இன்னும். போர்வை ஒன்றும் என்னட்டை ஆறுதல் சொல்லவில்லை. அது நல்லாய் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவர் இருபத்திரண்டு வருஷம் ஞாயிறு காலமை போன அந்தச் சின்ன மரத்தாலான மெதடிஸ்ட் சேர்ச்சுக்குப் பின்னால்தான் அடக்கம் செய்தோம். பின்னேரத் தமிழ் ஆராதனைக்கு எல்லாச் சபை ஆக்களும் ஒரு மண்டபத்தில் சேருவினம், அது வேறு. ஆனால் காலமை இவருக்கு அந்தச் சேர்ச்சுத்தான். அங்கே இருக்கிற சவக்காலை வெள்ளைக்காரர் கப்பலில் வந்திறங்கின காலத்தது. சபை அங்கத்தவர்களுக்கு மட்டும் கடைசி வரிசையில் கொஞ்ச இடம் மிச்சம். இவருக்குக் கிடைத்தது. இவருக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் இடம் கிடக்கிறது.

அதை எனக்குக் குறித்து வையுங்கோ என்று போதகரிட்டைக் கேட்டேன். அவர் தொங்கா நாட்டு மனுஷன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள், குரல் மட்டும் பூனைக்குட்டி. நெளிந்து நெளிந்து சொன்னார், இவருடைய பேர் புத்தகத்தில் இருக்கிறது, என்ர பேர் இல்லையாம். இவ்வளவு காலம் நான் இங்கேதானே முழங்காலில் நின்று திருவிருந்தில் அப்பமும் திராட்சை இரசமும் வாங்கினேன் என்றேன். முழங்காலில் நிற்க யாரும் வரலாம், படுக்கிறதுக்குத்தான் பேர் வேணும் என்றார். இனிமேல் சேர்ந்தாலும் சரிவராதாம். புருஷனை அடக்கம் செய்த நாளில் பெண்சாதி அங்கத்தவளாய் இருந்திருக்க வேணும் என்று பழைய பத்திரத்தில் இருக்கிறது. ஜூலை கடைசியில் சவக்காலைக் குழு கூடும். மிச்ச இடங்களைத் தீர்த்துப் புத்தகத்தையே மூடிவிடுவினம்.

பிள்ளைகள் சிரிக்கினம். அது வெறும் புல்லுத்தானே அம்மா என்று ஜெரோஷன் இங்கிலிஷில் சொன்னான். அவனுக்கு எப்படி விளங்கும்? உங்கட தம்பிக்கு இருபது வருஷம் இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. நான் எழும்பிப் போக அவர் வந்து என்ர சூட்டில் படுப்பார். போன நவம்பரில்தான் அவருக்குப் பகல் வேலை தந்தவை. இரண்டு மாதம் நாங்கள் ஒரே நேரத்தில் நித்திரை கொண்டோம். எனக்கு அது போதவில்லை, மச்சாள்.

நான் கலியாணம் முடித்து வரும்போது மானிப்பாய்ப் போதகர் தந்த மாற்றுக் கடிதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இவள் எங்கட அமெரிக்கன் மிஷன் சபையில் ஒழுங்காய் இருந்தவள், இனி உங்கட மெதடிஸ்ட் சபைப் பொறுப்பு என்று எழுதித் தருகிற கடிதம். அதை உங்கட கையில்தான் தந்தேன், போதகரிட்டைக் கொடுக்கச் சொல்லி. பருத்தித்துறைச் சேர்ச்சில் போய், என்ர பேர் எந்த வருஷம் புத்தகத்தில் ஏறினது என்று ஒரு துண்டில் எழுதி வாங்கி அனுப்பிவிடுங்கோ. இங்கே அது போதும்.

கால் வீக்கத்துக்கு எண்ணெய் பூசுகிறீர்களோ? வெயிலில் சேர்ச்சுக்கு நடந்து போகாதையுங்கோ. ஓட்டோவில் போங்கோ.

கர்த்தர் உங்களைத் தனியே விடாமல் பார்ப்பாராக.
உங்கட மச்சாள்,
மாகிரட்


ஏவன்டேல்
11 மே 2025

மதிப்புக்குரிய மச்சாள்,

உங்கட கடிதம் ஏப்ரல் கடைசியில் வந்தது. ஒரு பக்கம். அதிலும் பாதி மழையைப் பற்றி. பருத்தித்துறைப் பக்கத்தில் இவ்வளவு மழை பெய்யும் என்று எனக்குத் தெரியாது.

மிச்சப் பாதியில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் கடிதம் கிடிதம் எல்லாம் போய்விட்டது, மாற்றுக் கடிதம் என்று ஒன்றை நீங்கள் கண்டதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் எங்கட கலியாணம் தொண்ணூற்றியேழில். நாங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபிறகு. வயதுபோனால் வருஷங்கள் முன்னுக்குப் பின் இடம்பெயரும், பரவாயில்லை.

இங்கத்தைப் போதகர் சும்மா இருக்கவில்லை. பருத்தித்துறைக்கு ஈமெயில் போட்டார். புத்தகம் ஒரு கரப்பான்கூடக் கடிக்காமல் இருக்கிறதாம். அதில் உங்கட வீட்டுக்கு என்று ஒரு பக்கம், இரண்டு பேர்: உங்கட தம்பி செல்வராஜ், பிறகு மரகதம். வேறு ஒருவரும் இல்லை. பிறகு என்ர ஒன்றைவிட்ட தங்கச்சி கம்சாயினி மானிப்பாயில் போய்ப் பார்த்தாள். அங்கே என்ர பேர் இருக்கிறது. அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில், மெதடிஸ்டுக்கு மாற்றப்பட்டார் என்று எழுதியிருக்கிறது.

அப்ப பாருங்கோ, மச்சாள். மானிப்பாயில் வெட்டிவிட்டினம், பருத்தித்துறையில் ஏற்றவில்லை. இருபத்தெட்டு வருஷம் நான் எங்கேயும் இல்லை. கிறிஸ்தவத்தில் விசா இல்லாமல் இருந்திருக்கிறேன். ஒருவரும் பிடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. நிறைய வேலை இருக்கிறது, போர்வைகள் மடிக்கிறேன், பின்னேரம் ரயிலில் வருகிறேன், சோறு போடுகிறேன். ஒரு நாள் உப்புக்குப் பதிலாய்ச் சீனி போட்டுக் கறி காய்ச்சி முழுதும் சாப்பிட்டுவிட்டேன். றோஷினி வாயில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

சவக்காலைக் குழுவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருக்கிறா. எண்பத்தாறு வயது, கைப்பையில் பெப்பர்மின்ற். பழைய பத்திரம் எல்லாம் அவவின் அலுமாரியில்தான். நான் போய் இருக்க, வாசித்துக் காட்டினா. என்ர இங்கிலிஷ் உங்களுக்குத் தெரியும். விமானப் போர்வை அளவுக்குத்தான் நீளும். ஆனாலும் விளங்கினது.

அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களில் வெஸ்லியன்காரரும், அதுதான் மெதடிஸ்ட் ஆக்கள், இருந்தவை, சுயாதீனச் சபைக்காரரும் இருந்தவை. சுயாதீனச் சபை என்றது எங்கட அமெரிக்கன் மிஷனின் ஒன்றைவிட்ட சொந்தம். கையில் இருந்த பலகையெல்லாம் போட்டு இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரே சேர்ச்சாய்க் கட்டினவை. நாலு வருஷம் தாக்குப்பிடித்தது. பிறகு சண்டை. அப்பத்தை முழங்காலில் நின்று வாங்குகிறதோ, வாங்கில் இருந்தபடி வாங்குகிறதோ என்று ஒரு சண்டை. போதகரைச் சபையே தெரிகிறதோ, மேலே இருந்து அனுப்புகிறதோ என்று இன்னொன்று. வெஸ்லியன்காரர் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அங்கத்தவருக்கு ஒரு சீட்டுக் கொடுப்பினமாம், சீட்டு இல்லாதவன் உள்ளுக்கு வரக்கூடாது. இது என்ன படக்கொட்டகையோ என்று சுயாதீனக்காரர் கேட்டிருக்கினம். அந்தக் காலத்தில் படக்கொட்டகை இல்லை, இது நான் போட்டது. கடைசியில் சுயாதீனக்காரர் எழும்பித் தெருவுக்கு அங்கால் போய் வேறு சேர்ச் கட்டினவை. அது இப்ப டயர்க் கடை. அவர்கள் போன ஆத்திரத்தில்தான் வெஸ்லியன்காரர் பத்திரத்தில் எழுதினவை, எங்கட அங்கத்தவர் அல்லாத ஒருவரும் இந்த மண்ணில் படுக்கக்கூடாது என்று.

எழுதின ஆக்கள் எல்லாரும் செத்துக் கனகாலம். எழுத்து மட்டும் உயிரோடு இருக்கிறது. அது எனக்காகத்தான் காத்திருந்ததாக்கும்.

எங்கட யாழ்ப்பாணத்தில் மட்டும் என்ன? மூன்று மிஷன்காரர் வந்து பலாப்பழம் மாதிரி எங்களைப் பிரித்தவை. பட்டினமும் பருத்தித்துறையும் வெஸ்லியனுக்கு. மானிப்பாயும் தெல்லிப்பழையும் அமெரிக்கனுக்கு. நல்லூரும் கோப்பாயும் ஆங்கிலிக்கனுக்கு. எங்கட பூட்டன் அமெரிக்கன் பங்கில் பிறந்தபடியால், ஒரு நாளும் காணாத ஓர் அமெரிக்கத் துரையின் பேரை அவருக்கு வைத்தவை. பேரைக்கூட இரவல் வாங்கின ஆக்கள் என்று கலியாண வீட்டில் நீங்கள் என்ர மாமாவின் காதில் விழச் சொன்னீர்கள். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். பகிடி நல்லாய்த்தான் இருந்தது. இதையெல்லாம் நவரத்தினம் அண்ணைக்குச் சொன்னேன், அவர் சைவம். எல்லாம் கேட்டுவிட்டு, அப்ப உங்களுக்கு எத்தனை யேசு என்று கேட்டார்.

இப்ப கவனமாய் வாசியுங்கோ.

கடிதத்தை யாரிட்டைக் கொடுத்தாய் என்று கிழவி கேட்டா. புருஷனின் தமக்கையிட்டை என்றேன். அந்தத் தமக்கைக்குச் சபையில் ஏதும் பொறுப்போ என்றா. வகுப்புத் தலைவி, பெண்களின் வேதப் படிப்பு வகுப்பை இருபது வருஷம் நடத்தினவ என்றேன். கிழவி பெப்பர்மின்றைத் துப்பிவிட்டு எழும்பி, இன்னொரு பழைய புத்தகத்தை எடுத்தா. வெஸ்லியன் முறையில் ஓர் ஆளைச் சபைக்குள் ஏற்கிறது முதலில் வகுப்புத் தலைவர்தானாம். அந்தக் காலத்தில் வகுப்புத் தலைவர் கையால் வாங்கினால் வாங்கினதுதான். புத்தகத்தில் ஏற்றுகிறது எழுத்துவேலை.

நீங்கள் வாங்கின நேரமே நான் மெதடிஸ்ட் ஆகிவிட்டேன், மச்சாள். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள். நீங்கள் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தீர்கள். இரண்டு கையும் மா. நான் கடித உறையை நீட்டினேன். இரண்டு விரலால் மூலையில் பிடித்து வாங்கி, சட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை போதகரிட்டைக் கொடுக்கிறேன் என்றீர்கள். பிறகு நான் ஒரு நாளும் கேட்கவில்லை. புதுப் பொம்பிளை, கேட்கப் பயம். பிறகு பழகிவிட்டது, கேட்க மறந்துபோனேன்.

எனக்கு வேண்டியது ஒரு வரிதான். இன்ன வருஷம் இன்ன மாதம் மாகிரட் தந்த மாற்றுக் கடிதத்தை வகுப்புத் தலைவியாகிய நான் கையில் வாங்கினேன் என்று எழுதி, கீழே உங்கட கையெழுத்து. கடிதமும் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் கொடுக்கவில்லை என்று எழுத வேண்டாம். குழுவுக்கு அது தேவையில்லை. எனக்கும் தேவையில்லை.

அதை எழுதினால், கண்டதே இல்லை என்று முன்னம் எழுதினது பொய்யாய்ப் போகும் என்று யோசிப்பீர்கள். அந்தக் கடிதத்தில் மழையைப் பற்றி மட்டும்தான் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன்.

கூட்டம் ஜூலை இருபத்தாறு. தபால் மூன்று கிழமை எடுக்கும். இதுக்குமேல் கெஞ்ச எனக்குத் தெரியாது. கெஞ்சுகிறதும் ஒன்பதாம் வகுப்பில்தானாக்கும்.

சமாதானம் உங்களோடு இருக்கட்டும்.
மாகிரட்


ஏவன்டேல்
3 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

என்ர மரகதம் மச்சாளுக்கு,

ஜூலை பதினைந்தாம் திகதி உங்கட தடித்த கடிதம் வந்தது. தபால்காரன் பெட்டிக்குள் போடாமல் கதவைத் தட்டித் தந்தான். குசினி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து சமைத்தேன். சாப்பிட்டேன். பிறகுதான் திறந்தேன்.

உள்ளே இரண்டு விஷயம். ஒன்று, ஒரு வெள்ளைத் தாள், நீங்கள் வேத வகுப்புக்கு எழுதுகிற அதே சதுரக் கையெழுத்து. 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மாகிரட் என்பவர் தந்த மாற்றுக் கடிதத்தை வகுப்புத் தலைவியாகிய நான் கையில் வாங்கினேன். மரகதம். நான் கேட்டதுக்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மற்றது, மானிப்பாய்ப் போதகரின் கடித உறை. பூச்சி உருண்டை மணம். ஒட்டினபடியே இருந்தது.

நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானாய் இருந்தால் தண்ணி கொதிக்கிற கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒளித்திருப்பேன். இதில் நீங்கள் என்னைவிட ஒழுங்கானவ.

கூட்டத்துக்குப் போதகர் என்னையும் கூப்பிட்டார். ஏழு பேர், மேசையில் பிஸ்கட். கிழவி உறையைக் கத்தியால் திறந்தா. அதில் என்னைப் பற்றி எழுதியிருந்ததை றோஷினி இங்கிலிஷில் சொன்னாள். இந்தப் பிள்ளை கலகலப்பானவள், ஆராதனையில் கொஞ்சம் கதைப்பாள், மற்றபடி குற்றம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பூச்சி உருண்டைக்குள் இருந்தும் அந்தச் சாட்சி பழுதாகவில்லை.

ஒரு மனுஷன் எழும்பி, வகுப்புத் தலைவி வாங்கினது சரி, ஆனால் அவ மனதார ஏற்றுக்கொண்டாவோ என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தவை. கிழவி சொன்னா, வெஸ்லியன் சட்டத்தில் வாங்கினாரா என்றுதான் இருக்கிறது, விரும்பினாரா என்று இல்லை. கை தூக்கச் சொன்னவை. ஐந்து கை மேலே, இரண்டு கை கீழே. இடம் எனக்கு.

சந்தோஷமோ என்று றோஷினி காரில் கேட்டாள். ஓம் என்றேன். அப்படித்தானே சொல்ல வேணும். வழியில் பால் வாங்கினோம்.

திங்கட்கிழமை வேலையில் போர்வை மடிக்கும்போது ஒன்று யோசித்தேன். அதை எழுதலாமோ கூடாதோ தெரியாது, எழுதுகிறேன்.

உங்கட தாய் போகும்போது இவருக்கு ஒன்பது வயது. உங்களுக்கு இருபத்தொன்று. அதுக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர்தான். சேர்ச்சில் இரண்டாம் வாங்கு, புத்தகத்தில் ஒரு பக்கம், அதில் இரண்டு பேர், ஒன்றுக்குக் கீழே ஒன்று. வந்த சம்பந்தம் எல்லாத்தையும் தம்பி வளரட்டும் என்று தட்டினீர்கள். அவர் வளர்ந்தார். வளர்ந்து, அமெரிக்கன் மிஷனில் போய் ஒரு வாயாடியைக் கொண்டுவந்தார். என்ர பேரை ஏற்ற வேணும் என்றால் புதுப் பக்கம் திறக்க வேணும். அவருடைய பேரைப் பழைய பக்கத்தில் இருந்து எடுத்துப் புதுப் பக்கத்தில் போடுவினம். பழைய பக்கத்தில் ஒரே ஒரு பேர் மிஞ்சும்.

இது என்ர கற்பனையாய் இருக்கலாம். நீங்கள் அந்த உறையை மறந்தும் போயிருக்கலாம். பதில் எழுத வேண்டாம்.

ஆனால் இதுக்குப் பதில் வேணும். கல் போடுகிற ஆள் என்ன எழுதுகிறது என்று கேட்கிறான். இங்கே வழக்கம், இன்னாரின் கணவன் என்று பெண்சாதி பேரைத்தான் முதலில் போடுகிறது. நான் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலே இவருடைய பேர். அதுக்குக் கீழே, மரகதத்தின் தம்பி. அதுக்கும் கீழே, மாகிரட்டின் கணவன். தமிழில்தான். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது, பரவாயில்லை, கேட்டால் சொல்லிக்கொடுக்க நான் கொஞ்சக் காலம் இருப்பேன். உங்களுக்குச் சம்மதமோ இல்லையோ என்று மட்டும் எழுதுங்கோ. சம்மதம் என்றால் ஒரு சொல் போதும். இல்லை என்றால் மழையைப் பற்றி எழுதுங்கோ, நான் விளங்கிக்கொள்வேன்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு ஞாயிறும் உங்கட பின்னேரத்தில் நான் போன் எடுக்கப்போகிறேன். ஆர் என்று கேளுங்கோ. மூன்று தரம் வேண்டுமென்றாலும் கேளுங்கோ. வைக்க மட்டும் வேண்டாம். எனக்கு இங்கே உங்கட தம்பியைப் பற்றிக் கதைக்க ஆள் இல்லை. இவர் ஒன்பது வயதுக்கு முன்னம் எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். கத்தரிக்காய் அப்பவும் பிடிக்காதோ?

எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் இருத்தி வைத்த கர்த்தர், மிச்ச நாளும் ஒருவருக்கொருவர் இல்லாமல் போகாதபடி காப்பாராக. கால் வீக்கத்தைக் கவனியுங்கோ.

உங்கட கையால் ஏற்கப்பட்ட,
மாகிரட்

பி.கு.: நேற்றுச் சனிக்கிழமை காலமை என்ர இடத்துக்கு அடையாளக் கட்டை அடித்தவை. நவரத்தினம் அண்ணை தன்ர சுத்தியலைக் கொண்டுவந்தார். போதகர் சின்னச் செபம் செய்தார். மூன்றாவது அடியில் நிலத்துக்குக் கீழே போகிற தண்ணீர்க் குழாய் உடைந்தது. போதகர், கிழவி, நவரத்தினம் அண்ணை, றோஷினி, நான், ஐந்து பேரும் நனைந்தோம். தண்ணீரை நிற்பாட்டுகிற திருகு எங்கே இருக்கிறது என்று அங்கத்தவர் ஒருவருக்கும் தெரியவில்லை. தெருவுக்கு அங்கால் இருந்த டயர்க் கடைக்காரன் வந்து பூட்டினான். முக்கால் மணித்தியாலம் போனது. கட்டை நேராய்த்தான் நிற்கிறது.